பலாலிக்கு ஏன் ஜெட் வருவதில்லை?

கேள்வி எங்களுடையது இல்லை. எங்களில் ஒருவனின் தங்கச்சி கேட்டது. அடுத்த வருசம் ஏ.எல் எடுக்கப்போகிறாள், கணிதப் பிரிவு. தைப்பொங்கல் முடிந்து ரெண்டாம் நாள் பின்னேரம் அவர்களுடைய வீட்டு விறாந்தையில் தேத்தண்ணியும் மிச்சப் பலகாரமுமாக இருந்தோம். போனைப் பார்த்துக்கொண்டே வந்து நின்றாள்.

"அண்ணா, பலாலிக்கு வாற ஏ.ரி.ஆர் பிளேனின்ர எஞ்சினுக்கு 2,475 குதிரைவலு எண்டு போட்டிருக்கு. கட்டுநாயக்காவுக்கு வாற எயார்பஸ் ஏ320இன்ர எஞ்சினுக்கு 120 கிலோநியூற்றன் எண்டு போட்டிருக்கு. ஒண்டு வலு, மற்றது விசை. பிறகு ரெண்டையும் எப்பிடி ஒப்பிடுறது? எது பெரிய எஞ்சின்?"

நாங்கள் நாலுபேர். மூன்றுபேர் கணிதம் படித்தவர்கள். விசையை வேகத்தால் பெருக்கினால் வலு என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். இத்தனை கிலோவாற்று வலுவோடு சாய்வில் ஏறுகிற லொறியின் உச்ச வேகத்தைக் காண்க என்ற கணக்கை எத்தனை பாஸ்பேப்பரில் செய்திருப்போம் என்று எண்ணிக்கை இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல எங்களில் ஒருத்தரிடமும் பதில் இருக்கவில்லை. ரியூசனில் ஒருமுறை இதுமாதிரி ஒன்றைக் கேட்டதற்கு, "இது பேப்பருக்கு வராது, இரு" என்று சேர் ஒருவர் சொன்னது எங்களில் ஒருவனுக்கு ஞாபகம் வந்தது. அவன் இருந்தான். பிறகு பேப்பரிலும் இருந்துவிட்டான். அது வேறு கதை.

அன்றைக்குப் பதிலின் முதல் பாதி எங்கட தலைக்கு மேலேயே கூவிக்கொண்டிருந்தது.

பக்கத்து வளவில் பொங்கலன்று ஏற்றின எட்டுமூலைப் பட்டம். விண் பூட்டினது. ராவு முழுக்க நிற்கட்டும் என்று நூலைப் பனையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வாடை ஒரே சீராக அடித்தபடியால் விண்ணும் ஒரே சீராக ஊதிக்கொண்டு நின்றது. இந்தச் சத்தத்தில் நித்திரை கொண்டு வளர்ந்த சனம் நாங்கள். பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறுகிற பட்டங்களை வாய்பிளந்து பார்த்துவிட்டு வந்து, அடுத்தநாள் வீட்டில் ஈர்க்கும் ரிஷூப் பேப்பருமாக நின்று பேச்சு வாங்கினவர்கள்.

பட்டமும் ஒரு விமானம்தான். காற்று அதைப் பின்னுக்கு இழுக்கிறது, அது இழுவை. அதே காற்று மேலுக்கும் தூக்குகிறது. இழுபட்டுப் போகாமல் முன்னுக்குப் பிடித்து வைத்திருப்பது நூல். விமானத்தில் எஞ்சின் பார்க்கிற வேலையை இங்கே நூல் பார்க்கிறது. முன்னுக்குத் தள்ளுகிற அந்த விசையை உதைப்பு என்று சொல்லுவோம். மேலுதைப்பு என்று படித்த ஆக்களுக்கு அந்தச் சொல் புதிதில்லை.

எங்களில் ஒருத்தி எழும்பிப்போய்ப் பனையடியில் நூலைத் தொட்டுப் பார்த்தாள். "நல்ல இறுக்கம்" என்றாள். ராவு முழுக்க அந்த இறுக்கத்தைப் பனை தாங்கும். ஆனால் பனைக்கு வியர்க்காது, பசிக்காது. ஏனென்றால் பட்டம் நிலத்தைப் பார்க்க அசையாமல் நிற்கிறது. விசை எவ்வளவு இருந்தாலும் வேகம் பூச்சியம் என்றால் பெருக்கி வருவதும் பூச்சியம். பனை விசை கொடுக்கிறது, வலு ஒரு துளியும் கொடுக்கவில்லை.

தங்கச்சிக்கு அந்த இடத்தில் ஏதோ பிடிபட்டது. "அப்ப பிறேக்கைப் பிடிச்சுக்கொண்டு எஞ்சினை முறுக்கிற ஜெட்டும் இந்தப் பனை மாதிரித்தானே?" என்றாள். அதற்கும் எங்களிடம் உடனே பதில் இல்லை. பார்த்துவிட்டு வந்து சொல்லுகிறோம் என்று சமாளித்தோம். பார்க்கிறதென்றால் பலாலிப் பக்கம் போகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நாலு சைக்கிளில் வெளிக்கிட்டோம். காங்கேசன்துறை வீதியால் சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை தாண்டி மயிலிட்டிக் கடற்கரைக்கு. தை மாதத்தில் வடக்கே சைக்கிள் உழக்குவது என்ன தண்டனை என்று அந்தப் பாதையால் வேலைக்குப் போகிற ஆக்களிடம் கேட்டால் சொல்லுவார்கள். வாடை நேரே நெஞ்சில் அடிக்கும். சுன்னாகத்திலேயே ஒருவன் கடை ஒன்றில் சோடா குடிக்க இறங்கிவிட்டான். அங்கே இருந்துதான் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம்.

ஆளின் பரப்பும் வடிவமும் சேர்த்து 0.6 சதுர மீற்றர் என்று எடுத்துக்கொண்டோம். காற்று இல்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் போனால் காற்றின் இழுவை ஏறத்தாழ 6 நியூற்றன். அதற்குச் செலவாகிற வலு 26 வாற்று. ஒன்றுமேயில்லை, கதைத்துக்கொண்டு போகலாம். இப்போது எதிரே மணிக்கு 15 கிலோமீற்றரில் வாடை. சைக்கிள் அதே 15இல்தான் போகிறது, ஆனால் முகத்தில் அடிக்கிற காற்று 30. வேகம் ரெண்டு மடங்கானால் இழுவை நாலு மடங்கு. 25 நியூற்றன். வலு 104 வாற்று. ரோட்டுக்கும் சில்லுக்கும் போகிற செலவு இதற்கு மேலே தனி.

இதில் எங்களுக்குப் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. காற்றே இல்லாத நாளில் 30 கிலோமீற்றர் வேகத்தில் உழக்கினாலும் முகத்தில் அடிக்கிற காற்று அதே 30தான், இழுவையும் அதே 25 நியூற்றன்தான். ஆனால் தேவையான வலு 208 வாற்று. அதே இழுவை, ரெண்டு மடங்கு வலு. அமைதியான காற்றில் வேகத்தை ரெண்டு மடங்காக்கினால் இழுவை நாலு மடங்கு, வலு எட்டு மடங்கு. ரியூசனில் மூன்று வருசம் செய்த கணக்குகளில் தடையை எப்போதும் ஒரு மாறிலி என்று தந்துவிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு காற்றை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று சோடாப் போத்தலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

மயிலிட்டி. 1990 ஆனியில் வலிகாமம் வடக்குச் சனம் முழுக்க எழும்பிப் போனபிறகு 27 வருசம் இந்தக் கடலுக்குச் சொந்தக்காரர் வரமுடியாமல் இருந்தது. துறைமுகம் 2017 ஆடியில் விடுபட்டது. இப்போது வள்ளங்கள் நிற்கின்றன, ஐஸ் பெட்டிகள் நிற்கின்றன, மணத்துக்கும் குறைவில்லை. இங்கேயிருந்து பார்த்தால் பலாலியால் கிளம்புகிற விமானம் கடலுக்கு மேலே ஏறுவது தெரியும். ஓடுபாதை வடகிழக்குக்கும் தென்மேற்குக்குமாகக் கிடக்கிறது. வாடை காலத்தில் காற்றுக்கு எதிரே ஓடி வடகிழக்காலே கிளம்பும். எதிர்க்காற்று எங்களுக்குத் தண்டனை, அதற்கு லாபம். ஓட முதலே செட்டையில் காற்று அடிக்கத் தொடங்கிவிடுகிறதே. சைக்கிள் நிலத்தைத் தள்ளிப் போகிறது, விமானம் காற்றைத் தள்ளிப் போகிறது. அந்த ஒரு வித்தியாசத்தில்தான் எங்கட முழங்கால் நொந்தது.

முதலில் சத்தம்தான் வந்தது. ஒரே சுருதியில் ஊதுகிற புரொப்பெலர்ச் சத்தம், பிறகு பனங்கூடலுக்கு மேலால் வெள்ளையாக அது. இருந்து பார்த்தால் அவசரமே இல்லாமல் ஏறுகிற மாதிரி இருக்கும்.

தங்கச்சியின் கேள்விக்கு இங்கேதான் வரவேண்டும். புரொப்பெலர் எஞ்சின் தண்டு ஒன்றைச் சுற்றுகிறது. அந்தத் தண்டு எவ்வளவு முறுக்கத்தோடு எவ்வளவு விரைவாகச் சுற்றுகிறது என்று ஆலையில் வைத்தே அளக்கலாம். விமானம் நின்றாலென்ன பறந்தாலென்ன, தண்டின் வலு அது. அதனால் குதிரைவலு. ஜெட்டில் அப்படி வெளியே சுற்றி வேலை செய்கிற தண்டு இல்லை. காற்றை இழுத்து, சூடாக்கி, பின்னால் எறிகிறது. கட்டிவைத்து அளக்கக்கூடியது அது எவ்வளவு தள்ளுகிறது என்பதை மட்டும்தான். விமானத்துக்கு அது கொடுக்கிற வலு எவ்வளவு என்று கேட்டால், "எந்த வேகத்தில்?" என்று திருப்பிக் கேட்கவேண்டும். பிறேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஜெட் முழு உதைப்பையும் கொடுக்கிறது, விமானத்துக்குக் கொடுக்கிற வலு பூச்சியம். எரிகிற எண்ணெய் முழுக்கப் பின்னால் காற்றாகவும் சூடாகவும் போகிறது. பனைக்கும் அதற்கும் இருக்கிற வித்தியாசம், பனைக்கு எண்ணெய்க் காசு இல்லை. தங்கச்சி சொன்னது சரி.

இனிப் புரொப்பெலர். ஏ.ரி.ஆர் 72இன் ரெண்டு எஞ்சினும் சேர்ந்து ஏறத்தாழ 3,700 கிலோவாற்று. அதில் நூற்றுக்கு எண்பது பங்கு விமானத்தைத் தள்ளப் போகிறது என்று வைப்போம். வலு மாறாமல் நிற்கிறதால், வேகம் கூடக் கூட உதைப்பு குறையவேண்டும். செக்கனுக்கு 50 மீற்றர் வேகத்தில் 59 கிலோநியூற்றன். 100 மீற்றரில் 30. அதனுடைய வழமையான பறப்பு வேகமான 140 மீற்றர் அளவில் 21தான். (நிலமட்டத்துக் கணக்கு இது. உயரத்தில் எஞ்சினின் வலுவும் குறையும்.) மெதுவாகப் போகும்போது பலசாலி, வேகமாகப் போகப் போகக் களைத்துவிடுகிற ஆள். ஜெட் மறுவளம். அதன் உதைப்பு வேகத்தோடு பெரிதாக மாறுவதில்லை என்று புத்தகத்தில் எடுப்பார்கள். உண்மையில் இப்போதைய பெரிய விசிறி வைத்த ஜெட்டுகளில் அதுவும் குறையும், ஆனால் புரொப்பெலர் அளவுக்கு இல்லை. உதைப்பு மாறாமல் வேகம் கூடினால் வலு கூடிக்கொண்டே போகும். ஓட ஓடத்தான் அதற்குப் பலம் வரும்.

இழுவை ரெண்டு சாதி. காற்றில் உரஞ்சுகிறதால் வருவது ஒன்று, சுன்னாகத்தில் நாங்கள் கணக்குப் போட்டது, வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். மற்றது, தூக்கி நிற்பதற்குக் கொடுக்கிற விலை. காற்றைக் கீழே எறிந்துதான் விமானம் மேலே நிற்கிறது. மெதுவாகப் போனால் செட்டைக்குள் அகப்படுகிற காற்றுக் குறைவு, அந்தக் கொஞ்சக் காற்றைப் பலமாகக் கீழே எறிய மூக்கைத் தூக்கவேண்டும். முச்சை பிழைத்த பட்டம் காற்றுக்கு நெஞ்சைக் கொடுத்துக்கொண்டு நிற்குமே, நூல் அறுந்துவிழுகிற மாதிரி இழுக்கும், பட்டம் ஏறாது. அந்தக் கோலம். இந்த இழுவை வேகம் குறையக் கூடும். ரெண்டையும் கூட்டினால் வளையி ஒரு கிண்ணம் மாதிரி வரும். கிண்ணத்தின் அடியில் நிற்கிற வேகத்தில்தான் ஆகக் குறைந்த உதைப்போடு பறக்கலாம். அங்கே இப்படியான விமானத்துக்கு இழுவை அதன் நிறையில் பதினைந்தில் ஒரு பங்கு அளவு. 23 தொன் விமானத்தை ஒன்றரைத் தொன் அளவுத் தள்ளில் வானத்தில் வைத்திருக்கலாம் என்பது முதலில் எங்களுக்கு நம்ப முடியாமல்தான் இருந்தது.

ஆகக் குறைந்த வலுவுக்கு இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகவேண்டும். வலுவில் வேகமும் ஒரு பெருக்கம் ஆச்சே. ஆனால் அதற்கும் கீழே போனால் மெதுவாகப் போகப் போகக் கூட வலு வேண்டும். மெல்லமாகப் போவது லேசு என்று சைக்கிள்காரர் நினைப்போம். சித்திரை வருசப் போட்டியில் மெதுவாகச் சைக்கிள் ஓடி விழுந்தவனுக்கு மட்டும் இது ஆச்சரியமாக இருக்காது, அங்கே காரணம் வேறு என்றாலும்.

இதையெல்லாம் மணலில் கீறிக்கொண்டு இருந்தபோது எங்களில் ஒருத்தி மட்டும் பேசாமல் இருந்தாள். அவள் வன்னியில் பிறந்தவள். ஏ.ரி.ஆரின் சத்தம் அடங்குமட்டும் அவளுடைய கை சைக்கிள் ஹாண்டிலிலேயே இருந்தது. பிறகு சொன்னாள். "அம்மாக்கு இந்தச் சத்தம் பயமில்லை. இது சகடை மாதிரி. சகடை வரமுதலே கேக்கும், பங்கருக்க இறங்கலாம். கிபிர்தான் அவவுக்கு."

சகடை என்பது குடாநாட்டுச் சனம் வைத்த பெயர். ஆறுதலாகச் சுற்றிச் சுற்றி வந்து குண்டைத் தள்ளிவிடுகிற புரொப்பெலர் விமானம். கிபிர் ஜெட், 1996இல் வந்தது. அவள் சொன்னதை நாங்கள் கணக்காகச் செய்து பார்த்தோம். செய்திருக்கத் தேவையில்லைதான். ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் எழும்பின சத்தம் காதுக்கு வர பதினாலரைச் செக்கன் எடுக்கும். செக்கனுக்கு 70 மீற்றர் வேகத்தில் வருகிற விமானம் என்றால் அதற்குள் ஒரு கிலோமீற்றர் வந்திருக்கும், மிச்சத்தைக் கடக்க இன்னும் 57 செக்கன். செக்கனுக்கு 250 மீற்றரில் வருகிற ஜெட் என்றால் மிச்சம் ஐந்தரைச் செக்கன். 57 செக்கனில் ரெண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்கு ஓடலாம். ஐந்தரையில் படுக்கலாம். வேகத்தோடு வலுக் கூடுகிற எஞ்சின் என்று புத்தகத்தில் ஒரு வரியில் போகிற விசயம் அவளுடைய அம்மாவுக்கு இந்த வித்தியாசமாகத்தான் தெரிந்திருக்கிறது. இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம்.

இனிப் பலாலிக்கு ஏன் ஜெட் வருவதில்லை என்பது. மெதுவான வேகத்தில் பலசாலியான எஞ்சினுக்கு, மெதுவான வேகத்தில் தூக்குகிற செட்டையைப் பூட்டுவார்கள். நேராக, நிறையைப் பார்க்கப் பெரிதாக. முழுச் சுமையில் ஏ.ரி.ஆர் நிலத்தை விட்டு எழும்புகிற வேகம் மணிக்கு ஏறத்தாழ 210 கிலோமீற்றர். ஓட ஓடப் பலம் வருகிற எஞ்சினுக்கு வேகத்துக்கென்று செய்த செட்டை. பின்னுக்குச் சரிந்தது, நிறையைப் பார்க்கச் சிறிது. முழுச் சுமையில் ஏ320 எழும்ப ஏறத்தாழ 270 வேண்டும். ரெண்டினதும் ஆர்முடுகல் கிட்டத்தட்ட ஒரே அளவு என்று எடுத்தால், ஓடுகிற தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு போகும். இது ஓ.எல் முடித்து ஏ.எல் தொடங்கின முதல் கிழமையில் படித்த சமன்பாடு. 270ஐ 210ஆல் வகுத்து வர்க்கித்தால் 1.65. ஏ.ரி.ஆருக்குத் தேவையான ஓடுபாதை ஏறத்தாழ 1,300 மீற்றர். ஏ320க்கு 2,100 அளவு. விரலை மடித்துப் பார்த்தால் சரியாக வருகிறது. எஞ்சின் செட்டையைத் தீர்மானிக்கிறது, செட்டை வேகத்தை, வேகம் ஓடுபாதையை. ஓடுபாதை காணியில் கிடக்கிறது.

பலாலி விமான நிலையம் ரெண்டாம் உலக யுத்தக் காலத்தில் பிரித்தானிய விமானப்படை போட்டது. எயார் சிலோனின் முதல் பறப்பு 1947 மார்கழி 10, இரத்மலானையில் இருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு. ஒவ்வொன்றும் 1,200 குதிரைவலு கொண்ட ரெண்டு எஞ்சின் பூட்டின டகோட்டா. புரொப்பெலர்தான். 2019 ஐப்பசியில் சர்வதேச விமான நிலையம் என்று திறந்தபோது வந்த அலையன்ஸ் எயார் ஏ.ரி.ஆர். கொரோனாவோடு நின்று 2022 மார்கழியில் திரும்பி வந்ததும் அதுதான். 2024 புரட்டாதியில் வந்த இன்டிகோவும் ஏ.ரி.ஆர். ஓடுபாதையை நீட்டுகிற பேச்சு வரும்போதெல்லாம் காணி எடுக்கிற பேச்சும் கூடவே வருகிறது. வலிகாமம் வடக்கில் கன காணி திரும்பக் கிடைத்துவிட்டது, எல்லாம் கிடைக்கவில்லை.

எங்களில் ஒருவனின் அம்மம்மாவின் வளவு அந்த வேலிக்கு உள்ளே. 1990இல் எழும்பி மல்லாகத்தில் சொந்தக்காரர் வளவுக்கு வந்தவர். போன வருசம் கண் ஒப்பரேசனுக்குப் பலாலியில் இருந்து சென்னைக்குப் போனார். முதல் விமானப் பயணம். ஏ.ரி.ஆரில் செட்டை யன்னலுக்கு மேலே இருக்கும். கிட்டத்தட்ட நாலு மீற்றர் விட்டமுள்ள புரொப்பெலர் நிலத்தில் முட்டாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். அதால் யன்னலில் இருந்தால் கீழே ஒன்றும் மறைக்காது. பேரன் யன்னல் சீற்றாகப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்தான்.

"ஒரே பச்சையாக் கிடந்தது மோனை. ஒரு கிணறு தெரிஞ்சது. எங்கடயோ தெரியாது. கண்ணும் சரியில்லையெல்லோ. வரேக்க ஒப்பரேசன் செய்த கண்ணால பாப்பம் எண்டு இருந்தன், மற்றப் பக்கத்துச் சீற்றைத் தந்திட்டாங்கள்."

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், ஜெட் வரவேணுமோ என்று அவரிடம் நாங்கள் கேட்டோம். "பிளேன் வாறதை நான் ஏன் மறிக்கிறன். என்ர வளவெண்டா என்னட்ட ஒரு வார்த்தை கேக்கட்டும். முப்பத்தஞ்சு வருசமா ஒருத்தரும் கேக்கேல்லை." பிறகு, "ஜெட் எண்டா டிக்கெட் மலியுமோ?" என்றும் கேட்டார்.

எங்களுக்குள் இதில் ஒற்றுமை இல்லை. சென்னைக்கு ஏறத்தாழ 350 கிலோமீற்றர். ஏ.ரி.ஆர் வேகத்தில் 42 நிமிசம், ஜெட் வேகத்தில் 25. ஏறி இறங்குகிற நேரத்தைச் சேர்த்தால் அந்த 17 நிமிச மிச்சமும் குறையும், இவ்வளவு கிட்டத்துக்குப் புரொப்பெலருக்கு எண்ணெயும் குறைவு. 17 நிமிசத்துக்காக 800 மீற்றரோ என்று மூன்றுபேர் கேட்கிறோம். நாலாவது ஆளின் அக்கா குடும்பம் டுபாயில். "டுபாய்க்கு ஏ.ரி.ஆரில போய்க் காட்டுங்கோவன். பாதி வழியில எண்ணெய் முடிஞ்சிடும். சென்னைக்கு மட்டும் போறதுக்கோ சர்வதேச விமான நிலையம்? ஒவ்வொருக்காலும் அக்கா கட்டுநாயக்காவில ரெண்டு குழந்தையளோட இறங்கி ராவிரவா வான் பிடிச்சு வாறா. அது உங்கட கணக்கில வருதோ?" வரவில்லை. அதையும் போட்டால் கணக்கு எங்கே நிற்கும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. கேட்காமல் எடுக்கக்கூடாது என்பதில் மட்டும் அவனுக்கும் மறுப்பில்லை. மறுப்பிருக்க முடியாது, அந்த அம்மம்மா அவனுடைய அம்மம்மா.

திரும்பி வரும்போது பொழுதுபட்டுவிட்டது. வாடை இப்போது முதுகில். தெல்லிப்பழை தாண்டி மணிக்கு 15 கிலோமீற்றர் அளவில் உருட்டிக்கொண்டு வந்தபோது காற்றே இல்லாத மாதிரி இருந்தது. காற்றின் வேகமும் எங்கட வேகமும் ஒன்றாகிவிட்டால் இழுவை பூச்சியம், ரோட்டுச் செலவு மட்டும்தான். வியர்வை காயவில்லை, அவ்வளவுதான் கரைச்சல். மல்லாகத்தில் ரெண்டு இடத்தில் விண் கூவிக்கொண்டு நின்றது, பட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை. டுபாய்க்காரன் முன்னுக்குப் போய்க்கொண்டு இன்னும் கத்திக்கொண்டிருந்தான். காற்று அவனுடைய சத்தத்தைத் தெற்காலே கொண்டுபோனதால் பாதிதான் கேட்டது.

வீட்டுக்கு வந்து தங்கச்சிக்கு எல்லாவற்றையும் சொன்னோம். எயார்பஸ்தான் பெரிய எஞ்சின், ஆனால் எந்த வேகத்தில் என்று கேட்காமல் அந்தக் கேள்விக்கு அர்த்தமில்லை என்று. கொப்பியில் எழுதிக்கொண்டாள். பிறகு பேனையை வைத்துவிட்டு, "இறங்கேக்க? அப்பவும் வலு வேணுமே?" என்றாள்.